ஒரு மண்டலம், ஒரு பஞ்சர்

சைக்கிள் வாங்கி ஒரு மண்டலம் முடிந்துவிட்டது. இன்னும் ஒரு பஞ்சர்கூட ஆகவில்லை.

வெளியில் சொன்னால் பாராட்டுவார்கள். எனக்கோ ராத்திரியில் தூக்கம் வரவில்லை. விழுந்து விழுந்து படித்து, ஹால் டிக்கெட்டையும் வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்த பிறகு பரீட்சைத் தேதி தள்ளிப் போய்க்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? நாற்பத்தெட்டு நாளாக அந்த நிலைமை. காலையில் எழுந்ததும், பல் துலக்குவதற்கும் முன்னால், பார்க்கிங்குக்கு இறங்கிப் போய் இரண்டு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். கல் மாதிரி இருக்கும். பெருமூச்சு விட்டுவிட்டு மேலே வருவேன்.

சைக்கிள் வாங்கிய காரணத்தை நீட்டி முழக்க வேண்டியதில்லை. என் வயதில் சைக்கிள் வாங்குகிற எல்லோருக்கும் அது ஒன்றுதான்: மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 7.1. டாக்டர் நடக்கச் சொன்னார். திருவான்மியூர் கடற்கரையில் நடக்கப் போனால் நடப்பதைவிட நின்று பேசுவது அதிகமாகிறது. பேச்சு முடிகிற இடத்தில் ஒரு பஜ்ஜிக் கடை இருக்கிறது. ஆகவே சைக்கிள். இருபத்தோரு கியர். எங்கள் பகுதியில் மேடு என்று இருப்பது வேகத்தடைகள் மட்டும்தான், அவற்றைக் கணக்கில் எடுத்தாலும் இரண்டு கியருக்கு மேல் வேலையில்லை. ஸ்டாண்டு கிடையாது, கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது, பெல்லும் தனியாகத்தான் வாங்கவேண்டும். எதெல்லாம் இல்லையோ அதற்கெல்லாம் சேர்த்து விலை வைத்திருந்தார்கள்.

பில் போட்ட பையன், சைக்கிளை வாசலுக்கு உருட்டி வந்தபடியே, "நடு ரோட்டுல பஞ்சர் ஆனா என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்டான்.

"தள்ளிக்கிட்டுப் போவேன்."

அவன் சிரித்தான். பெரிய சிரிப்பு இல்லை, உதட்டோரச் சிரிப்பு. அதன் விலை 6,840 ரூபாய்.

உதிரி டியூப் இரண்டு. டயரை நெம்புவதற்கு பிளாஸ்டிக் லீவர் மூன்று. பேட்ச் ஒட்டும் பெட்டி, அதில் சுண்டுவிரல் நீளத்துக்குச் சொல்யூஷன். கையடக்கப் பம்ப். பதினெட்டு ஆயுதங்களை ஒரே கைப்பிடியில் மடக்கிவைத்த ஒரு சாமான். அதில் செயினைக் கழற்றும் கருவிகூட இருந்தது. செயின் அறுந்தால் இணைக்க ஒரு கண்ணி. பிரேக் ஒயர், கியர் ஒயர் தலா ஒன்று. போக்ஸ் கம்பி ஒடிந்தால் பக்கத்துக் கம்பியோடு சேர்த்துக் கட்ட இன்சுலேஷன் டேப். ரப்பர் கையுறை. இதெல்லாம் போதாதென்று ஹார்டுவேர் கடைக்குப் போய், இணையக் காணொளிகளில் கற்றுக்கொண்ட உச்சரிப்போடு "ஆலன் கீ இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் யோசித்தார். நான் விரலை மடக்கிக் காட்டினேன். "ஓ, எல்என் கீயா?" என்று ஒரு கொத்தை எடுத்துப் போட்டார். எல் வடிவத்தில் இருப்பதற்கு எல் சரி. அந்த என் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

சொல்யூஷன் டியூபின் வாயை அன்றைக்கே குண்டூசியால் குத்தித் திறந்தேன். தேவை இல்லைதான். ஆனால் என் தலைமுறையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அந்த வாசனைக்கு ஒரு தடவையாவது மூக்கைக் கொடுக்காமல் இருக்க முடியாது. நீளமாக இழுத்தேன். மன்னார்குடியில் ஒரு புங்கமரத்தடி அப்படியே எழுந்து வந்தது.

மரத்தில் பாதி டயர் ஒன்று தொங்கும். அதுதான் பெயர்ப்பலகை. கீழே அலுமினியப் பேசினில் கன்னங்கரேலென்று தண்ணீர். கடைக்கார பாய், சக்கரத்தைக் கழற்றவே மாட்டார். சைக்கிளைச் சாய்த்துப் போட்டு, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, ஆட்டுக்குடலை உருவுகிற மாதிரி டியூபை உருவுவார். காற்றடித்து, ஒவ்வொரு சாணாகத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே வருவார். ஓரிடத்தில் குமிழி குபுகுபுவென்று கிளம்பும். சுற்றி நிற்கிற நாலு பேர் முகத்திலும் ஒரு திருப்தி வரும். ஓட்டையில் தீக்குச்சியைக் குத்தி அடையாளம் வைத்துவிட்டு, அந்த இடத்தைத் துடைத்து, அரத்தால் சுரண்டி, பழைய டியூபிலிருந்து எட்டணா அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, சொல்யூஷன் தடவி, இரண்டையும் ஊதி ஊதிக் காயவைப்பார். ஒட்டிய பிறகு சுத்தியல் காம்பால் நாலு தட்டு. அவ்வளவுதான்.

அப்பா வைத்திருந்தது பச்சை நிற ராலே. முப்பது வருஷம் அதில் போய்வந்தார். ஒரு ஸ்பேனரைக்கூடத் தூக்கிக்கொண்டு போனதாக எனக்கு நினைவில்லை. சட்டைப் பையில் ஒரு ரூபாய் இருக்கும். எந்த ஊருக்கு எந்த ரோட்டில் போனாலும், இரண்டு மைலுக்குள் ஒரு மரத்தில் பாதி டயர் தொங்கும் என்பது அவருக்குத் தெரியும். ரோடே அவருடைய டூல்ஸ் பை.

இப்போதும் மரமும் டயரும் இருக்கின்றன. ஆனால் என் சைக்கிளை அங்கே கொண்டுபோக முடியாது. இரண்டாம் வாரத்திலேயே கொட்டிவாக்கத்தில் ஒரு கடையில் நிறுத்தி, "கொஞ்சம் காத்து அடிங்க" என்று கேட்டுவிட்டேன். அந்த அண்ணன் கம்ப்ரஷர் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து குனிந்தவர், குனிந்தபடியே நின்றார்.

"இது என்ன சார், ஊசி மாதிரி இருக்கு?"

அது பிரெஸ்டா வால்வு. தலையில் இருக்கும் குட்டி நட்டைத் திருகி, ஒரு அமுக்கு அமுக்கினால்தான் வாய் திறக்கும். பைக்குக்குக் காற்றடிக்கும் குழாய் அதற்குப் பொருந்தாது. நடுவில் பொத்தான் அளவில் ஒரு பித்தளை அடாப்டர் வேண்டும். "எவ்வளவு காத்து?" என்றார். "எழுபது" என்றேன். அவர் பக்கத்தில் நின்ற காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காருக்கே முப்பத்திரண்டுதான் சார் வைக்கிறோம்." சுண்டுவிரல் மொத்த டயருக்குக் காரைப்போல இரண்டு மடங்கு அழுத்தம் கேட்கிற ஆளோடு என்ன பேசுவது என்று நினைத்திருக்க வேண்டும். குழாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்குத்தான் புரிந்தது, பஞ்சர் கடையைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு.

கட்டித் தூக்கினேன். மனைவி சீடை மாவு நிறுக்கிற தராசில் பையை வைத்துப் பார்த்தாள். இரண்டு கிலோ முந்நூற்று நாற்பது கிராம். ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் என்னோடு வருகிற குழுவில் ஒருவர் இருக்கிறார், சக்கரத்தில் இருநூறு கிராம் குறைப்பதற்காக ஒரு மாதச் சம்பளத்தைச் செலவழித்தவர். என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஊருக்குப் போறீங்களா?" என்றார்.

ராத்திரியில் தூக்கம் வராத நேரத்தில் பஞ்சரின் வரலாற்றைப் படித்தேன். 1888இல் பெல்ஃபாஸ்டில் மாட்டு வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனுடைய மூன்று சக்கர வண்டி கல் ரோட்டில் குலுங்குவதைப் பார்க்கச் சகிக்காமல் காற்றடைத்த டயரைச் செய்தார். பிள்ளைப் பாசத்தில் உலகத்துக்கே பஞ்சரைக் கொடுத்துவிட்டார் மனிதர். அந்த டயரை ரிம்மோடு சேர்த்து ஒட்டிவிடுவார்களாம். பஞ்சர் ஆனால் பிரித்து, ஒட்டி, காயவைத்து ஓட்டுவதற்குள் அடுத்த நாளாகிவிடும். பிரான்சில் மிஷலின் சகோதரர்கள் 1891இல் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தார்கள். பஞ்சரானால் கால் மணி நேரத்தில் சரிசெய்யலாம் என்று சொன்னார்கள். யாராவது பஞ்சரானால்தானே நிரூபிக்க முடியும்? 1892இல் பாரிஸிலிருந்து கிளெர்மோன்-ஃபெரானுக்கு ஒரு பந்தயம் வைத்து, வழியில் தாங்களே ஆணியைப் போட்டுவைத்தார்கள். கடைக்கு நூறடி முன்னால் ஆணியைத் தூவுகிறான் என்று நம் ஊரில் எத்தனை பஞ்சர்க் கடைக்காரர்களைச் சந்தேகப்பட்டிருக்கிறோம்! தொழிலின் மூலவர்களே செய்ததுதான்.

ஆனால் என்னைப் பிடித்து ஆட்டியவர் யூஜேன் கிறிஸ்டோஃப். 1913 தூர் தெ பிரான்ஸ் பந்தயம். பிரனீஸ் மலையில் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது அவருடைய சைக்கிளின் முன் ஃபோர்க் உடைந்துவிட்டது. வண்டி உடைந்தால் வீரனே சரிசெய்துகொள்ள வேண்டும், அடுத்தவர் கை படக்கூடாது என்பது அந்தக் காலத்து விதி. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, பத்து கிலோமீட்டருக்கு மேல் மலையிறங்கி, சேன்ட் மரி தெ கம்பான் என்ற ஊரில் ஒரு கொல்லர் பட்டறையைக் கண்டுபிடித்தார். அங்கே இரும்பைக் காய்ச்சி, தானே அடித்து, மணிக்கணக்கில் உட்கார்ந்து ஃபோர்க்கைச் செய்து முடித்தார். சுற்றிலும் பந்தய நடுவர்கள் நின்று மேற்பார்வை. இரண்டு கையும் வேலையாக இருந்ததால் துருத்தியை மட்டும் ஒரு சிறுவன் ஊதினான். அதற்குப் பத்து நிமிட அபராதம் போட்டார்கள். பிறகு மனமிரங்கி மூன்று நிமிடமாகக் குறைத்தார்கள். அதே மனிதருக்கு 1919இலும் 1922இலும் மறுபடி ஃபோர்க் உடைந்தது. அவர் ஜாதகத்தை யாராவது பார்த்திருக்க வேண்டும்.

இதைப் படித்த பிறகு நான் பழைய ஆளாக இல்லை. அடுத்தவர் கை படக்கூடாது என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன். ஹாலில் பழைய பேப்பரை விரித்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகினேன். பதினோரு நிமிடத்தில் ஆரம்பித்து நாலரை நிமிடத்துக்கு வந்துவிட்டேன். பின் சக்கரத்தைத் தொடவில்லை. அதில் செயின், கியர், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் இருந்தது; புது டைல்ஸ் வேறு. சோபாவில் உட்கார்ந்து விளக்குத்திரி திரித்துக்கொண்டிருந்த அம்மா, "என்னடா, ஆயுத பூஜையா?" என்றாள். அப்பா வருஷத்துக்கு ஒருமுறை அந்த நாளில்தான் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவார்.

இப்படியெல்லாம் தயாராகிக் காத்திருந்தால், பஞ்சர் மற்றவர்களுக்கு ஆகிறது. உத்தண்டி டோல்கேட் தாண்டி ஒருவருக்கு. முட்டுக்காடு பாலத்தில் ஒருவருக்கு. கோவளம் திருப்பத்தில் இரட்டைச் சகோதரர்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில். நான் பையை அவிழ்த்துக்கொண்டு ஓடுவேன். பாலத்தில் பஞ்சரானவர் என்னைப் பார்த்துக் கையமர்த்திவிட்டு, கட்டைவிரல் பருமனில் ஒரு கேஸ் குப்பியை வால்வில் வைத்துத் திருகினார். உஸ்ஸ்... மூன்று நொடி. டயர் கின்னென்று ஆகிவிட்டது. சோடா கடையில் போடுகிற அதே கரியமில வாயுதான். "மறுநாளுக்குள் இறங்கிடும், ரப்பர் வழியா சீக்கிரம் கசியும்" என்று நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் கேட்கும் தூரத்தில் இல்லை.

ஏன் எனக்கு மட்டும் ஆகவில்லை? ரோட்டில் முள்ளுக்குக் குறைவா? ஓரமாகப் போனால் சீமைக்கருவேலம். மண்ணில் இறங்கினால் நெருஞ்சி. நெருஞ்சியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நாம் கல்லடைப்புக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கிற அதே செடி அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சைக்கிள்காரர்களுக்குக் குலசத்துரு. இரண்டு கொம்போடு இருப்பதால் ஆட்டுத்தலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஐடஹோவில் பாய்ஸி என்ற ஊரில் அதைப் பிடுங்கி ஒழிப்பதற்கென்றே சைக்கிள் திருவிழா நடத்துகிறார்கள். நானும் வேண்டுமென்றே ஒருநாள் ஓரமாக, மண்ணை ஒட்டி ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. சட்டைக் கை கிழிந்ததுதான் மிச்சம்.

நாற்பத்தொன்பதாம் நாள், வியாழக்கிழமை, விடியற்காலை ஐந்து இருபது. பார்க்கிங்கில் கட்டைவிரலை வைத்தேன். உள்ளே போனது.

சத்தியமாகச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. ராத்திரியில், யாரும் பார்க்காத நேரத்தில், நின்ற இடத்திலேயே இறங்கியிருக்கிறது. ஆனால் பின் சக்கரம். முன் சக்கரம் பஞ்சராவதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

மாடிக்குத் தூக்கிப் போய் விளக்கைப் போட்டு உட்கார்ந்து செய்திருக்கலாம். அது பரீட்சையை வீட்டிலிருந்து எழுதுகிற மாதிரி. கேட்டுக்கு வெளியே, தெருவிளக்குக்குக் கீழே கொண்டுபோய்க் கவிழ்த்தேன். கற்பனையில் அது முட்டுக்காடு பாலம். வாட்ச்மேன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், ராத்திரி முழுக்கப் பேச ஆளில்லாதவர்.

"எதிர்க் கடை ஒம்போது மணிக்குத் தொறப்பான் சார். நாப்பது ரூவா."

"நானே பண்ணிடுவேன்."

"டார்ச் புடிக்கட்டா?"

"வேண்டாம். யாரும் தொடக்கூடாது."

தீட்டு என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, நாற்காலியை ஓரடி பின்னால் நகர்த்திக்கொண்டார். பிரெஞ்சுப் பந்தய விதியை அந்த நேரத்தில் அவருக்கு விளக்க முடியவில்லை.

பின் சக்கரத்தைக் கழற்றும் முன் செயினைக் கடைசிச் சின்னப் பல்லுக்கு இறக்கவேண்டும் என்று படித்திருந்தேன். கழற்றிய பிறகுதான் நினைவு வந்தது. செயின் ஒரு கையைச் சுற்றிக்கொண்டது, அதை விலக்கிய இன்னொரு கை கறுப்பானது, நெற்றியில் வியர்வையைத் துடைத்ததில் விபூதிப் பட்டைக்குப் பதிலாகக் கறுப்புப் பட்டை. கையுறை பையில் பத்திரமாக இருந்தது. பழைய டியூபை உருவிப் போட்டுவிட்டு, முதல் உதிரி டியூபை மாட்டி, பம்பை எடுத்தேன். கையடக்கப் பம்பில் நூற்றெண்பது அடி. அடித்து முடித்து நிமிர்ந்தால், எங்கிருந்தோ பாம்பு சீறுகிற சத்தம். வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து காலைத் தூக்கிக்கொண்டார். பாம்பு இல்லை, புது டியூப்.

செய்த தப்பு எனக்கு உடனே தெரியவில்லை. லாட்டில் வந்த டியூப் சரியில்லை என்று கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டு இரண்டாவதை எடுத்தேன். இதற்குள் பொறுமை போய்விட்டது. டயரின் கடைசி ஒரு சாண் எப்போதும் ரிம்முக்குள் இறங்காமல் முரண்டு பிடிக்கும். அதைக் கட்டைவிரலால்தான் தள்ளவேண்டும். லீவரைப் போட்டால் டியூப் நடுவில் மாட்டி நசுங்கும். எல்லாக் காணொளியிலும் இதைத்தான் சொல்கிறார்கள். நான் லீவரைப் போட்டேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குட்டி ஓட்டை, பாம்பு கடித்த தடம் மாதிரி. தெருவில் பொருத்தமாக ஒரு நாய் ஊளையிட்டது.

ஆறேகால். மூன்று டியூப், மூன்றும் ஓட்டை. பரவாயில்லை, பேட்ச் பெட்டி இருக்கிறதே என்று சொல்யூஷனைப் பிதுக்கினேன். வரவில்லை. இன்னும் பிதுக்கினேன். அடியில் பிளந்துகொண்டு, உள்ளே இறுகிப்போன ஒரு ரப்பர்க் குச்சி எட்டிப் பார்த்தது. ஒரு மண்டலத்துக்கு முன்னால் முகர்ந்து பார்த்தேனே, அந்த ஓட்டை வழியாகக் காய்ந்து தீர்ந்திருக்கிறது.

அப்போதுதான் பேப்பர் போடுகிறவர் வந்தார். ஹெர்குலிஸ் சைக்கிள், பின்னால் கேரியரில் பாதி மலை, முன்னால் பையில் மீதி மலை. தரையில் கிடந்த டியூப்களைப் பார்த்தார். இறங்கவில்லை. காலை ஊன்றியபடியே சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங்குக்குள் கையை விட்டு ஒரு பால் கவர் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சொல்யூஷன், பாதி பிளேடு, உப்புத்தாள் ஒரு துண்டு, உள்ளங்கை அளவுக்குப் பழைய டியூப். முழுதாக ஐம்பது கிராம் இருந்தால் அதிகம்.

"திரும்பி வரும்போது வாங்கிக்கிறேன்" என்று என் மடியில் போட்டுவிட்டு, அடுத்த வீட்டு பால்கனிக்கு ஒரு பேப்பரை வீசிவிட்டுப் போய்விட்டார். எனக்கு மூன்று நிமிட அபராதம்.

டியூபைச் சுரண்டி, தடவி, ஊதினேன். "காயட்டும் சார், அவசரப்படாதீங்க" என்றார் வாட்ச்மேன். வாய் பேசுவதற்கு விதியில் தடை இல்லை. காய்கிற நேரத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. முதல் புது டியூபின் ஓட்டையைப் பழைய டியூபின் ஓட்டைக்கு நேராக வைத்துப் பார்த்தேன். வால்விலிருந்து இரண்டும் ஒரே தூரம். குத்தியது எதுவோ அது இன்னும் டயருக்குள்ளேயே இருக்கிறது! திருடனை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு பூட்டை மட்டும் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டயரின் உள்பக்கம் விரலை ஓட்டினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. மறுபடி ஓட்டினேன். கண்ணுக்கும் தெரியவில்லை. பால்கனியில் அம்மா.

"என்னடா தேடுறே?"

"முள்ளும்மா. கைக்கு அகப்பட மாட்டேங்குது."

"பஞ்ச வச்சுத் தேய்ச்சுப் பாரு, மாட்டும். உங்கப்பா அப்படித்தான் பண்ணுவாரு."

அப்பா அப்படிச் செய்ததை நான் பார்த்ததே இல்லை. முப்பது வருஷம் கழித்துத்தான் சொல்லவேண்டுமா என்று கேட்பதற்குள், கீரைக்காரருக்குக் கயிற்றில் இறக்குகிற கூடை என் தலைக்கு நேராக இறங்கியது. உள்ளே விளக்குத்திரிக்கு வைத்திருந்த பஞ்சு ஒரு கொத்து. ஆறு நிமிடம்.

பஞ்சை டயருக்குள் வைத்து ஒரு சுற்று இழுத்தேன். முக்கால் சுற்றில் ஒரு நூலிழை மாட்டிக்கொண்டு நின்றது. முள் இல்லை, ஆணி இல்லை. அரைச் சீரகம் நீளத்தில், மயிர்க்கால் பருமனில் ஒரு கம்பி. லாரி டயர், கார் டயர் வெடித்து ரோட்டில் சிதறும்போது அதற்குள் இருக்கும் எஃகுக் கம்பி இப்படித் தூள்தூளாக விழுந்து கிடக்கும். ஓரமாகப் போகிற சைக்கிளுக்கு முள்ளைவிட இதுதான் எமன். நகத்தால் இழுத்தேன், வழுக்கியது. பல்லால் இழுக்கலாமா என்று யோசித்தேன். பதினெட்டு ஆயுதங்களையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். சோடா திறப்பதற்குக்கூட அதில் ஒன்று இருந்தது.

கூடை மறுபடி இறங்கியது. இந்தத் தடவை அதில் மனைவியின் புருவம் திருத்தும் இடுக்கி.

"பத்திரமா திருப்பி அனுப்புங்க" என்று மேலேயிருந்து குரல். "அதுல கிரீஸ் பட்டுதுன்னா அப்புறம் இருக்கு."

ஒன்பது. இடுக்கியால் பிடித்து ஒரு இழுப்பு. வந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்து வாட்ச்மேனிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "எங்க?" என்றார்.

ஒட்டிய டியூபில் முதலில் கொஞ்சம் காற்று ஊதி, உருவம் வந்த பிறகு மாட்டினேன். கடைசி ஒரு சாணைக் கட்டைவிரலாலேயே தள்ளினேன். இரண்டு நகம் போனது. பம்ப் அடிக்க ஆரம்பித்து எழுபதாவது அடியில் தோள் நின்றுவிட்டது. வாட்ச்மேன் எழுந்து வந்து பம்பை வாங்கிக்கொண்டார். தடுக்கத் தெம்பில்லை. மனதுக்குள் பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டேன். மனமிரங்கிக் குறைப்பதற்கு நடுவர் யாரும் இல்லை.

ஏழு ஐம்பத்தைந்துக்குச் சக்கரம் சுற்றியது. எதிர்க் கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது என்பதை, என் சாதனையின் அளவைக் காட்டுவதற்காகக் குறிப்பிடுகிறேன். அன்று சைக்கிள் ஓட்டிய தூரம்: கேட்டிலிருந்து பார்க்கிங் வரை.

மடியில் சாமான்களைப் போட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் நாற்காலியை எடுத்துக்கொண்டு போனவர், திரும்பி வந்தார். தலையைச் சொறிந்தார்.

"சார், பேத்திக்குப் பள்ளிக்கூடத்துல ப்ளஸ் ஒன்ல குடுத்த சைக்கிள் ரெண்டு மாசமா காத்து நிக்காமக் கெடக்குது. நாளைக்குக் கொண்டாரட்டா?"

"தாராளமா" என்றேன். ஒரு நொடியில் நெஞ்சு அகலமாகிவிட்டது. "டியூப்ல எங்க ஓட்டைன்னு பாத்துடலாம்."

"ஓட்டை எல்லாம் இல்ல சார். எச்சி தொட்டு வச்சுப் பாத்துட்டேன், வால்வுலதான் கொமிழி வருது. வால் டியூப்தான் போயிருக்கு. ஒங்ககிட்ட இருக்குமில்ல?"

வால் டியூப். வால்வுக் குச்சியின்மேல் மாட்டுகிற, ஒரு அங்குல நீளத்துக்கு நுங்கு நிற ரப்பர்க் குழாய். ஒன்பதாம் வகுப்பில், சைக்கிள் ஸ்டாண்டில் வரிசையாக நின்ற வண்டிகளிலிருந்து நான் உருவி எடுத்தது மட்டும் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் நிறைய இருந்தது. பையைத் திறந்து பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் திறந்தேன். பிரெஸ்டா அடாப்டர், செயின் கண்ணி, கியர் ஒயர், இரண்டு கிலோ முந்நூற்று நாற்பது கிராமையும் தரையில் கொட்டித் தேடினேன்.

வாட்ச்மேன் பொறுமையாக நின்றார். பிறகு எதிர்க் கடையைப் பார்த்தார்.

"ஒம்போதுக்குத் தொறந்துருவான் சார்" என்றார். "வாங்கி வையுங்க. நீங்க எவ்ளோ வாங்குவீங்க?"